மூணு மாசத்துக்கு ஒரு தபா

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற பொம்பளை யாராவது பீரோவைத் திறந்து நல்ல புடவையைத் தேடுவாளா? முந்தின நாளே சீயக்காய் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொள்வாளா? வளர்மதி செய்வாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சிங்கவரத்திலிருந்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கு, விடியுமுன்னே எழுந்து அரக்குப் புடவையைக் கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்த கனகாம்பரத்தை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டு நிற்பாள். அந்த நிற்பைப் பார்த்தால், தைராய்டு என்பது ஏதோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம் போலிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாடி வளரு, ஆஸ்பத்திரிக்குப் போறியா, கண்ணாலத்துக்குப் போறியா?”

“ஏன்க்கா, நோவுக்காரின்னா அழுக்குப் பொடவதான் கட்டணுமா? என்னப் பாத்து டாக்டருக்கு நோவு வந்துடக் கூடாதுல்ல.”

குஞ்சம்மாள் சிரித்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள். வளர்மதி உள்ளே போய் இரண்டு கட்டைப் பைகளைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வறுத்தது, கேழ்வரகு மாவு, கொல்லையில் காய்த்த கத்திரிக்காய், ஈரச் சாக்கில் சுற்றின முருங்கைக்கீரை, எல்லாவற்றுக்கும் மேலே எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு. அவள் புருஷன் தனகோட்டி அந்தப் பைகளை வாங்கி எக்ஸெல் வண்டியின் முன்பக்கம் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். கட்டிக்கொண்டே கேட்டான்.

“ஏமே, அந்த நர்சுக்கு இன்னா வயிறா, குதிரா? போன தபா ஒரு பை. இந்தத் தபா ரெண்டு.”

“அவங்க வூட்டுல பெரிய குடும்பம் மாமா. ஊருக் காய்னா ஆசையா வாங்கிக்கிறாங்க. நமக்கு ஆஸ்பத்திரில நாலு ஆளு தெரிஞ்சிருந்தா நல்லதுதானே?”

“ம். ஒக்காரு, பஸ்ஸு போயிடும்.”

அப்படி ஒரு நர்சு உலகத்திலேயே கிடையாது. பை ரஞ்சனிக்கு.

ரஞ்சனி இவர்கள் பெற்ற ஒரே மகள். காலேஜ் போய் வருகிற பஸ்ஸில் வளவனோடு பழக்கம். பையனிடம் சொல்கிற மாதிரி ஒரு குறை உண்டா என்றால், கிடையாது. பீடி சிகரெட் இல்லை, பாலிடெக்னிக் முடித்தவன், பாண்டிச்சேரிப் பக்கம் கம்பெனியில் வேலை, பெரியவர்களைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிற குணம். ஆனால் அவன் காலனிப் பையன். அது ஒன்று போதாதா ஊருக்கு? இரண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்ட சேதி வந்த அன்றைக்கு, தனகோட்டி நேரே பம்புசெட்டுக்குப் போனான். கட்டின வேட்டியோடு தண்ணீருக்குக் கீழே நின்று தலை முழுகினான். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தவன் குளிக்கிற குளியல் அது. ஈரத்தோடு வீட்டுக்கு வந்து வளர்மதியின் எதிரே நின்று, “அவ செத்துட்டா. அவ வாசப்படிய நீ மிதிக்க மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடு. மிதிச்சா நானும் செத்தேன்னு வெச்சிக்க” என்றான். அவள் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? அவன் இருந்த இருப்பில், சொன்னதைச் செய்துவிடுவான் என்று பயந்துபோய்க் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ரஞ்சனி என்ற பேர் புழங்கவில்லை. வீட்டுக்கு ஒரே போன், அது அவன் இடுப்பு பெல்ட்டில். அவளுடைய காலேஜ் போட்டோவைக்கூட யாரோ சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ‘யாரோ’ என்ன, அவன்தான். வளர்மதி அந்த வெற்று ஆணியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அறுத்துப் போட்டால் விட்டுப் போய்விடுமா மகள்? களை எடுக்கும்போது ஞாபகம், கொழம்பு கொதிக்கும்போது ஞாபகம். இந்த வாசனைக்கு ஓடி வந்து கரண்டியை வாங்கி நக்குகிற கழுதை எங்கே போனாள் என்று அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து அழுவாள்.

அப்புறம் உடம்பு ஊத ஆரம்பித்தது. முகம் வீங்கி, முடி கொட்டி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. செஞ்சி டாக்டர் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். முதல் தடவை தனகோட்டியும் கூட வந்தான். ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, முடிவு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை என்று பொழுது முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்ததில் அவனுக்குக் கடுப்பாகிவிட்டது. “யம்மா, இது நமக்கு ஆவாது. அடுத்த தபாவிலேர்ந்து நான் பஸ்ஸு ஏத்தி வுடறேன், நீயே போயிட்டு வந்துடு” என்று சொல்லிவிட்டான்.

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து விழுந்ததோ இல்லையோ, வளர்மதியின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வளவனுடைய தங்கச்சி ஜெயஸ்ரீ செஞ்சி பஜாரில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். ஜாக்கெட் துணி பார்க்கிற மாதிரி உள்ளே போய், இந்தக் கலர் வேண்டாம் அந்தக் கலர் காட்டு என்று சொல்கிற சாக்கில், ஆஸ்பத்திரிக்குப் போகிற தேதியை முணுமுணுத்துவிட்டு வந்தாள். அடுத்த தடவை ரத்தம் எடுக்கிற வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து யாரோ கட்டிப் பிடித்தார்கள். திரும்பக்கூட இல்லை, தெரிந்துவிட்டது. முதுகில் இடித்தது பிள்ளைத்தாச்சி வயிறு.

வாக்கு கொடுத்தவள் மீறிவிட்டாளே என்று நினைக்காதீர்கள். மகளின் வாசப்படியை அவள் இன்றுவரை மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் ஏறினால் கொஞ்ச தூரம், ரஞ்சனி கெஞ்சாத கெஞ்சல் இல்லை, வளர்மதி போகவில்லை. வாக்கு வாசப்படிக்குத்தானே? ஆஸ்பத்திரி யார் வீட்டு வாசப்படி? நோயாளி வருவாள், துணைக்கு ஆள் வரும், பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். இதைக் கேட்க எந்தப் பஞ்சாயத்துக்கு உரிமை இருக்கிறது?

இப்படித்தான் பேத்தி நிலாவையும் அவள் பார்த்து வருகிறாள், மூன்று மாதத்துக்கு ஒரு தபா. ஒரு குழந்தையை அப்படிப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் துணிப் பொட்டலமாகக் கிடந்தது. அடுத்த தடவை போனால் குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறது. அதற்கு அடுத்த தடவை பல். ஒவ்வொரு முறையும் வேறொரு குழந்தை. அதற்கும் இவள் ஒவ்வொரு முறையும் வேறொரு கிழவி. பார்த்ததும் வீல் என்று அழும். முறுக்கைக் காட்டி, கொஞ்சி, கெஞ்சி, அது ஒருவழியாக மடியில் வந்து உட்கார்ந்து இவள் வளையலைப் பிடித்து விளையாட ஆரம்பிக்கும் நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். திரும்பி வருகிற வழியெல்லாம் மடியில் அந்தக் கனம் இருக்கிற மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வந்து புடவையை மாற்றவே மனசு வராது.

போன தடவை ஒரு கூத்து நடந்தது. டாக்டர் சத்தம் போட்டுவிட்டார். “மாத்திரை சாப்பிடறீங்களா இல்லையாம்மா? நான் அளவ ஏத்திக்கிட்டே போறேன், டெஸ்ட் அப்படியே நிக்குது.” துணைக்கு உள்ளே வந்திருந்த ரஞ்சனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வளர்மதி கூரையைப் பார்த்தாள். வெளியே வந்ததும் மகள் பிடித்துக்கொண்டாள். விசாரித்ததில் வண்டவாளம் வெளியே வந்தது: ஒரு நாள் மாத்திரையை முழுங்குவது, மறுநாள் அதை முருங்கை மரத்தடியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுவது.

“ஏம்மா இப்படிப் பண்ற?”

“நல்லாயிட்டா வர வேணான்னு சொல்லிடுவாங்கடி. அப்புறம் ஒன்ன எங்க பாக்கறது?”

ரஞ்சனிக்கு வந்ததே கோபம்! குழந்தையை இழுத்து முன்னால் நிறுத்தி, அம்மாவின் கையைப் பிடித்து அதன் தலையில் வைத்தாள். “தெனம் மாத்திர போட்டுக்கறேன்னு இவ தலையில அடிச்சி சத்தியம் பண்ணு. இல்லன்னா நான் இனிமே வரவே மாட்டேன்.” பேத்தி தலையில் கையை வைத்துச் சொன்ன பிறகு எந்த மனுஷிக்குத் துணிச்சல் வரும்? வெறும் வயிற்றில், பல் விளக்கினதும், முதல் வேலையாக அந்த மாத்திரையை முழுங்க ஆரம்பித்தாள் வளர்மதி. முகத்து ஊத்தம் வடிந்தது. வரப்பில் நடந்தால் மூச்சு வாங்கவில்லை. மல்லாட்டை பிடுங்கப் போன இடத்தில் சின்னப் பெண்களுக்குச் சமமாக நின்றாள். “இன்னா வளரு, வயசு கொறையுது” என்று எல்லாரும் சொல்லச் சொல்ல அவளுக்கு உள்ளுக்குள் உதறல் எடுத்தது.

அந்த உதறலோடுதான் இன்றைக்குத் திண்டிவனம் வழியாகப் போகிற பாண்டிச்சேரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தாள். செவலைப் பசு கன்று போட்டது, பழைய வீட்டுக் கூரையைப் பிரித்து ஓடு போட்டது, சாமி ஊர்வலத்தில் மழை வந்து எல்லாரும் ஓடினது. இதெல்லாம் ரஞ்சனிக்குச் சொல்லணும், இதற்கு அவள் இப்படிச் சிரிப்பாள் என்று அன்றன்றைக்கு மனசில் முடிந்து வைத்தது. ஆனால் அங்கே போனால் ஒன்றும் வாயில் வராது. தக்காளி விலையைப் பேசிவிட்டு வருவாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே புங்கமரத்தடிப் பெஞ்சுக்கு வந்தாள். ரஞ்சனி வந்து காத்துக்கொண்டிருந்தாள். நிலா நடந்துகொண்டிருந்தது! போன தடவை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, இப்போது மரத்தைச் சுற்றி ஓடுகிறது. வளர்மதியைப் பார்த்ததும் வழக்கம் போல அம்மாவின் சுடிதாருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“ஆயாடி. ஆயாவ மறந்துட்டியா? முறுக்கு தின்னல்ல போன தபா?” என்றாள் ரஞ்சனி.

“வுடு, வெரட்டாத. தானா வரும்” என்று வளர்மதி குழந்தை பக்கமே திரும்பாமல் உட்கார்ந்தாள். ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு, மல்லாட்டையை உரித்து ஒவ்வொரு பருப்பாகப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். கண் மட்டும் ஓரமாக ஓடியது. தலைமுடி சுருட்டை விழுந்திருக்கிறதே! காலில் கொலுசு போட்டிருக்கிறாளே! ஒரு சின்னக் கை வந்து ஒரு பருப்பை எடுத்துக்கொண்டு ஓடியது. மறுபடி வந்தது. மூன்றாவது தரம் ஓடவில்லை. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, காலியான ஓரத்தைக் காட்டி, “ஆயா... இன்னும்” என்றது.

வளர்மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “எங்கடி கத்துக்கிச்சு இத?”

“தெனம் சொல்லிக் குடுக்கறேன் இல்ல? ஆயா வரும், ஆயா வரும்னு. நீ வர அன்னிக்கு மட்டும் மறந்துடுது, பிசாசு.” ரஞ்சனி அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “ஊத்தம் நல்லா வடிஞ்சிருக்குதும்மா. ஆளே பளபளன்னு இருக்கற. நைனா எப்படி இருக்குது?”

“இருக்குது, குண்டுக்கல்லு மாதிரி. தக்காளி இங்க இன்னா வெல விக்கிது?”

பார்த்தீர்களா! பேச்சு அப்படியே தக்காளிக்குப் போய்விட்டது.

மத்தியானம் டாக்டர் அறைக்குள் கூப்பிட்டார்கள். குழந்தை மடியிலேயே தூங்கிப்போயிருந்ததால் அதை ரஞ்சனியிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு வளர்மதி தனியாகவே உள்ளே போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண், சிரித்த முகம். முடிவைப் பார்த்ததும் அந்த முகம் இன்னும் மலர்ந்தது.

“சூப்பர்ம்மா! எல்லாம் சரியா இருக்கு. இப்படி ஒழுங்கா மாத்திரை போட்டிருந்தா எப்பவோ சரியாகியிருக்கும். இனிமே நீங்க இவ்ளோ தூரம் அலைய வேண்டாம். இதே மாத்திரை, இதே அளவு. உங்க செஞ்சி ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கேயே ரத்தம் பாத்துக்கோங்க.”

“அடுத்து என்னிக்கு வரணும்?”

“வரவே வேண்டாம்மா. நல்லாயிட்டீங்க.”

இந்த வார்த்தையைக் கேட்பதற்காக வெளியே எத்தனை பேர் சாமிக்குக் காசு முடிந்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! வளர்மதி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“முட்டி வலிக்குது தாயி.”

“எந்த முட்டி?”

“ரெண்டும்.”

“அதையும் செஞ்சியிலேயே காட்டலாம்மா.”

“தல சுத்துது.”

“எப்பலேர்ந்து?”

“இப்பதான். நீங்க சொன்ன ஒடனே.”

டாக்டர் சிரித்துவிட்டார். வளர்மதி சிரிக்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, “மூணு மாசத்துக்கு ஒரு தபா சும்மா ஒரு தேதி போட்டுக் குடு தாயி. ஒரு ஓரமா ஒக்காந்துட்டுப் போயிடறேன். மருந்து மாத்திர ஒண்ணும் வேணாம்” என்றாள். டாக்டர் அவள் கையைத் தட்டிக் கொடுத்து, “வெளிய கூட்டத்தப் பாருங்கம்மா. உங்க இடத்துல இன்னொரு நோயாளி வரட்டும்” என்று சொல்லி மணியை அழுத்தினார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அந்த வார்த்தை ஆகாது. சொன்னால் மறுபடி வர வேண்டியதாகிவிடும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். வளர்மதி மட்டும் இத்தனை காலமாக ஒவ்வொரு தடவையும் கதவண்டை நின்று, டாக்டர் பக்கம் திரும்பி, வாய் நிறைய “போயிட்டு வரேங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். வேண்டுமென்றேதான். நம்பர் கூப்பிடுகிற நாகம்மாள் ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொள்வாள். இன்றைக்கும் நாகம்மாள் அவள் தோளைப் பிடித்து, “இன்னிக்காவது வாய மூடிக்கினு போ. நல்ல சேதி சொல்லி அனுப்பறாங்க” என்றாள்.

வளர்மதி கதவண்டை நின்று திரும்பினாள். “போயிட்டு வரேங்க” என்றாள். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. டாக்டர் காதில் விழவில்லை. அடுத்த ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தாயிற்று.

வெளியே ரஞ்சனி முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். “இன்னாம்மா, இன்னா சொன்னாங்க? பயமா ஏதாவதா?”

“நல்லாயிட்டேனாம்.”

“அட, நல்ல விஷயம்தானே! மூஞ்ச ஏன் இப்படி...” என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நீதான்டி பண்ண. சத்தியம் வாங்கினியே, நல்லா இருப்ப” என்றாள் வளர்மதி.

“அப்ப எங்களப் பாக்கறதுக்கு நீ நோவோடவே கெடப்பியா?”

“கெடப்பேன்.”

“பேசாதம்மா.”

“கெடப்பேன்டி. ஊத்தத்தோட கெடப்பேன், முடி கொட்டினா கொட்டட்டும். எனக்கு ஒன்னப் பாக்கணும். இந்தக் கொழந்தயப் பாக்கணும். அடுத்த தபா இது கோர்வையா பேசும், பாட்டு பாடும், நான் எங்க இருந்து பாப்பேன்? எம் மனசு ஆறல, ரஞ்சி. ஒரு நாளுகூட ஆறல.”

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ கெட்ட சேதி போலிருக்கிறது என்று ஒரு அம்மா உச்சுக்கொட்டினாள். ரஞ்சனி அழுதுகொண்டே சொன்னாள், “எங்க வூட்டுக்கு வாயேம்மா. அவரும் தெனம் கேக்கறாரு, அத்த எப்ப வரும்னு. ஆட்டோ புடிச்சா இதோ இருக்குது.”

“ஒங்க நைனாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“எல்லாரும் நைனாவுக்குத்தான் வாக்குக் குடுக்கறீங்க. எனக்கு யாராவது ஒரு வாக்கு குடுத்தீங்களா?”

வளர்மதி எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். பைகளை மகளிடம் கொடுத்தாள். கேட் வரைக்கும் மூன்று பேரும் நடந்தார்கள். நிலா தூக்கம் கலைந்து ஆயாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தது. பஸ் வந்தது. விரலைப் பிரிக்கத்தான் பெரும்பாடாகிப் போய்விட்டது. இத்தனை நாளும் ஆயாவைப் பார்த்ததும் அழுத குழந்தை, அன்றைக்கு முதல் தரமாக ஆயா போகிறாள் என்று அழுதது. பஸ் நகர்ந்த பிறகும் அந்தக் குரல் கேட்டது, அல்லது கேட்கிற மாதிரி இருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திண்டிவனம் வரைக்கும் அழுதாள் வளர்மதி. டிக்கெட் கொடுத்த கண்டக்டர் பாவம், ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

திண்டிவனத்துக்கு அப்புறம் அழுகை ஓய்ந்து யோசனை வந்தது. மாத்திரையை நிறுத்தலாம் என்றால் கையில் இன்னும் அந்தப் பிஞ்சுத் தலையின் சூடு இருக்கிறது, அது நடக்காது. பேசாமல், மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க என்று சொல்லிவிட்டால்? டாக்டரா வந்து சாட்சி சொல்லப் போகிறார்? சொல்லிப் பார்த்தாள். ‘மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க மாமா.’ நன்றாகத்தான் இருந்தது. கோட்டை மலை கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அதையே உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பொழுது சாய்கிற நேரம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு தனகோட்டி கிளாசோடு நின்றிருந்தான். அவளுக்கும் ஒரு டீ சொன்னான்.

“சாப்டியா? டாக்டரு இன்னா சொன்னாங்க?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பொய். ஏனோ, அவன் நின்ற நிற்பையும் கசங்கின சட்டையையும் பார்த்ததும் அவளுக்குச் சீ என்று போய்விட்டது. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் திருட்டுப் பிழைப்பு? பெற்ற மகளைப் பார்க்க ஒரு நோய், ஒரு இல்லாத நர்சு, ஒரு தேதி!

“நல்லாயிட்டேனாம். இனிமே வர வேணான்னுட்டாங்க.”

“அப்பாடா. அலைச்சல் மிச்சம்.”

“நான் போவேன் மாமா.”

“எங்க?”

“பாண்டிச்சேரிக்கு. மூணு மாசம் இன்னா, மாசா மாசம் போவேன்.”

“நல்லாயிட்டன்னா அப்புறம் எதுக்குப் போற?”

“ரஞ்சனியப் பாக்க.”

தலை முழுகின நாளிலிருந்து அவன் எதிரில் யாரும் சொல்லாத பேர் அது. சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. “நர்சும் கெடையாது ஒண்ணும் கெடையாது. இத்தன நாளா எம் பொண்ணத்தான் பாத்துட்டு வரேன். ஒனக்குக் குடுத்த வாக்க நான் மீறல, அவ வாசப்படிய மிதிக்கல. இனிமே மிதிப்பேன். ஒங்கிட்டச் சொல்லிட்டு, பகல்ல, பஸ்ஸு ஏறிப் போவேன். நீ இன்னா வேணா பண்ணிக்க. அவளப் பாக்காம என்னால இருக்க முடியல.”

தனகோட்டி கிளாசில் மீதியிருந்த டீயைக் கீழே ஊற்றினான். வண்டியை எடுத்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கத்துவான், இல்லையென்றால் வீட்டுக்குப் போய்ச் சட்டிப் பானையை உடைப்பான் என்று நினைத்தாள். பஜார் தாண்டி, சிங்கவரம் ரோட்டில் திரும்பி, இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை வந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். இறங்கவில்லை, திரும்பவும் இல்லை.

அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“அது...” என்றான். “கொழந்த யாரு ஜாடை?”

குழந்தையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் சொன்னார்கள் இவனுக்கு, எத்தனை நாளாக இந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு களத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான், ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வளர்மதிக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. சுருட்டை முடி, மூக்கு, கோபம் வந்தால் புருவத்தைச் சுளிக்கிற சுளிப்பு, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அத்தனையையும் முழுங்கிக்கொண்டாள்.

“வந்து பாத்துக்க மாமா” என்றாள்.

தனகோட்டி வண்டியை எடுக்கவில்லை. இருட்டுகிற வரைக்கும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.